ஃப்ராய்டின் மேஜையில் நம்மூர் அனந்தன்

"அண்ணாச்சி, போய் உக்காந்தா அந்தம்மா நம்மகிட்டயே திருப்பிக் கேக்குறாங்க, 'நீங்க என்ன நினைக்கிறீங்க?'ன்னு. என்ன நினைக்கணும்னு தெரியாமத்தானே அவங்ககிட்ட போனோம்?"

இங்கே மெல்பர்னில் போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் பாளையங்கோட்டைக்கார நண்பர் இப்படிக் கேட்டார். அவருடைய மனைவிக்குப் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு. டாக்டர் எழுதிக் கொடுத்து ஒரு கவுன்சலரிடம் போனார்கள். இரண்டே முறை. "பேசினா சரியாகிற அளவுக்கு எனக்கு ஒண்ணுமில்ல" என்று அந்தப் பெண் நிறுத்திவிட்டார். ஒன்றும் இல்லாமல் இல்லை என்பது நண்பர் முகத்திலேயே தெரிந்தது.

அன்றைக்கு இட்லித் தட்டோடு நின்றுகொண்டு சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பி.காம். படித்த வங்கிக்காரன். மனநலத் துறைக்கும் எனக்கும் உள்ள உறவு, எட்டு முறை அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் (அதைப் பின்னால் சொல்கிறேன்), பிறகு நூலகத்தில் கிடைத்ததை எல்லாம் படித்ததும்தான்.

நண்பரின் கேள்வி புதியதில்லை. நூறு வருஷமாக நம் நாட்டில் பெரிய டாக்டர்களே அதைக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கதையில் திருவனந்தபுரத்துக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு.

1931-இல் சிக்மண்ட் ஃப்ராய்டுக்கு 75 வயது. கல்கத்தாவில் இருந்து இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் வியன்னாவுக்கு ஒரு பரிசு அனுப்பியது. யானைத் தந்தத்தில் செய்த விஷ்ணு, தலைக்கு மேல் அனந்தன் படம் எடுத்து நிற்கிற சிலை. திருவிதாங்கூர்த் தந்த வேலை, அதாவது நம்ம பத்மநாப சுவாமியின் ஊர்ப்பக்கத்துக் கைவண்ணம். ஃப்ராய்டுக்கு ரொம்பப் பிடித்துப்போய், எழுதுகிற மேஜையிலேயே வைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் சிலையில் விரிசல் விட ஆரம்பித்தது. இந்தியாவின் வெப்பத்துக்குப் பழகிய சாமிக்கு வியன்னாவின் சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பாதி வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார் மனிதர்.

ஃப்ராய்டு சாமியைப் பற்றிக் கேட்டதை அவருடைய வைத்தியத்தைப் பற்றியும் கேட்கலாம் இல்லையா? வியன்னாவில் செய்த வைத்தியம் நம்ம ஊர் வெயிலில் விரிசல் விடாதா?

பரிசு அனுப்பிய சங்கத்தைத் தொடங்கியவர் கிரீந்திரசேகர் போஸ் (1887-1953). மருத்துவம் படித்த வங்காளி. மனதில் அமுக்கி வைக்கப்படும் ஆசைகளைப் பற்றி ஆய்வேடு எழுதி 1921-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1922-இல் தன் வீட்டிலேயே சங்கத்தை ஆரம்பித்தார். ஐரோப்பாவுக்குப் போகவில்லை, ஃப்ராய்டை நேரில் பார்த்ததும் இல்லை. பதினைந்து வருஷத்துக்கு மேல் கடிதத்திலேயே பழக்கம்.

ஃப்ராய்டு சொன்ன முறை இது: நோயாளி படுத்துக்கொண்டு மனதில் வருவதை எல்லாம் சொல்ல வேண்டும். வைத்தியர் அவர் கண்ணில் படாமல் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார். தன்னைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டார், ஒரு கண்ணாடி மாதிரி இருப்பார். 1912-இல் இதை விதியாகவே எழுதினார். (விதி எழுதியவரே அதை முழுசாகக் கடைப்பிடிக்கவில்லை. பசியோடு வந்த நோயாளிக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார், அறையில் நாயையும் வைத்திருந்தார். நம்ம பேங்க் சர்க்குலர் கதைதான் :-) )

போஸ் இதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் வருகிற இந்திய நோயாளிகளிடம் நீங்கள் சொல்கிற மாதிரி எல்லாம் தெரியவில்லையே என்று ஃப்ராய்டுக்கே எழுதினார். ஒவ்வொரு ஆசைக்கும் எதிர் ஆசை ஒன்று உள்ளே இருக்கிறது என்பது அவருடைய கொள்கை. அடிக்க நினைக்கிறவனுக்குள் அடி வாங்க நினைக்கிறவனும் இருக்கிறான். சும்மா கேட்டுக்கொண்டிருக்காமல், எதிராளி இடத்தில் உன்னை வைத்துப் பார் என்று நோயாளியைக் கற்பனை செய்யச் சொல்வார். பற்று எழுதினால் எங்கோ வரவும் இருக்க வேண்டும் என்று கற்ற எனக்கு இது உடனே புரிந்தது. ஃப்ராய்டு மரியாதையாகவே பதில் எழுதினார், ஆனால் பெரிதாக ஒத்துக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் மேற்கிலேயே கண்ணாடியில் கீறல் விழ ஆரம்பித்தது. ஃப்ராய்டின் நெருங்கிய சீடர் ஹங்கேரிக்காரர் ஃபெரென்சி (1933-இல் இறந்தார்), வைத்தியர் கல் மாதிரி உட்கார்ந்திருப்பதே சிலருக்குப் பழைய காயத்தைத் திரும்பக் கிளறிவிடுகிறது என்றார். அந்தக் காலத்தில் அவர் பேச்சு எடுபடவில்லை. பிறகு இங்கிலாந்தில் குழந்தை வைத்தியர் வினிகாட், தாய் பிள்ளையைத் தாங்குவது மாதிரி வைத்தியர் நோயாளியின் மனதைத் தாங்க வேண்டும் என்றார். 1983-இல் அமெரிக்காவில் கிரீன்பெர்க், மிட்செல் என்ற இருவர் எழுதிய புத்தகம் இந்த இழைகளை எல்லாம் ஒன்றாகக் கோத்தது. மனிதனின் மனது உறவுகளால் ஆனது, உறவில் பட்ட காயம் இன்னொரு உறவில்தான் ஆறும், வைத்தியர் வெளியே நிற்கும் பார்வையாளர் இல்லை, அவரும் அந்த உறவில் ஒரு ஆள். உறவுவழி உளச்சிகிச்சை என்று இன்றைக்குச் சொல்வது இதைத்தான்.

"இதைச் சொல்ல 1983 வரைக்கும் ஆகணுமா? எங்க ஆச்சி சொல்லியிருப்பாளே" என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆச்சிகள் சொன்னதைக் காதில் வாங்கி ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோன நம் டாக்டர்களின் கதை, எனக்கு ஃப்ராய்டு கதையைவிடப் பிடிக்கும்.

1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனைக்கு வித்யாசாகர் என்பவர் கண்காணிப்பாளர். அந்தக் காலத்து வழக்கப்படி, கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும் குடும்பங்கள் திரும்ப வருவதில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஆஸ்பத்திரி மைதானத்தில் கூடாரம் அடித்தார். நோயாளியோடு அம்மா, அப்பா, மனைவி யாராவது கூடவே தங்க வேண்டும். அவர்களே சமைத்தார்கள், பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் எல்லோரையும் கூட்டி வைத்து, தெரிந்த புராணக் கதைகளைச் சொல்லி நோயை விளக்கினார். பார்த்துக்கொண்டே இருந்ததால் வீட்டாருக்குப் பயம் விட்டது. நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். மேற்கில் குடும்ப சிகிச்சை என்ற பேச்சே அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி. 1957-இல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியது. தொடங்கியவர் கனடாவில் இருந்து வந்த டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ். அங்கேயும் உள்நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் தங்குவது முறையானது. பெங்களூர் நிம்ஹான்ஸில் 1970-களில் குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெற ஏற்பாடு வந்தது. பூட்டிய வார்டு, வெளியே நிற்கும் உறவுக்காரர் என்ற படத்தை இவர்கள் மாற்றினார்கள்.

நண்பரின் கேள்விக்கு நேரடிப் பதில் 1964-இல் வந்தது. பெங்களூரில் இருந்த டாக்டர் என்.சி. சூர்யாவும் எஸ்.எஸ். ஜெயராமும், இந்தியாவில் உளச்சிகிச்சை செய்வது பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். சாரம் இதுதான்: நம் நோயாளி மனதின் ஆழத்துக்கு விளக்கம் கேட்டு வருவதில்லை, கஷ்டத்தில் கைகொடுக்கச் சொல்லி வருகிறார். குறித்த நேரத்துக்கு வந்து குறித்த நேரத்துக்குப் போகிற ஒப்பந்தம் அவருக்குப் புரியாது. டாக்டரைக் கூட்டுக்குடும்பத்துப் பெரியவர் ஸ்தானத்தில் வைத்துப் பார்க்கிறார். அந்த உறவைக் கொடுக்காமல் மேற்கத்திய முறையை மட்டும் கொடுத்தால் எழுந்து போய்விடுவார். அறுபது வருஷத்துக்கு முன் எழுதியது, நண்பர் வீட்டில் நடந்ததை அப்படியே சொல்கிறது.

1973-இல் டாக்டர் ஜே.எஸ். நேகி (பஞ்சாபிக் கவிஞரும்கூட) ஒரு படி மேலே போனார். நம் நாட்டில் வைத்தியரும் நோயாளியும் குரு - சிஷ்யன் மாதிரி இருக்கலாம் என்றார். குரு பேசலாம், வழிகாட்டலாம், சிஷ்யன் சாய்ந்துகொள்ளலாம். சாய்ந்துகொள்வது நோய் என்று மேற்கு நினைக்கிறது, நம்பிச் சாய ஒரு ஆள் கிடைத்தவன்தான் பிறகு சொந்தக் காலில் நிற்கிறான் என்பது அவர் வாதம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் "பழசே பொன்" என்று நான் சொல்ல வரவில்லை. குரு என்றால் எதிர்த்துக் கேட்க முடியாது. சாதி, ஆண் - பெண் மேல்கீழ் எல்லாம் அந்த ஆசனத்தில் கூடவே ஏறி உட்கார்ந்துகொள்ளும். மருமகளின் துக்கத்துக்குக் காரணமே வீட்டுப் பெரியவர் என்றால், இன்னொரு பெரியவரிடம் அவள் எப்படி வாய் திறப்பாள்?

2001 ஆகஸ்ட் 6 ஞாபகம் இருக்கிறதா? ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு கொட்டகைக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. நம்பிக்கை இருந்தது, புனிதத்தலம் இருந்தது, ஆனால் உறவு அறுந்துபோயிருந்தது. சங்கிலியை 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்தது.

அடுத்த வருஷமே (2002) பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நிம்ஹான்ஸ் டாக்டர் ரகுராமும் மற்றவர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி என்ற பெரியவரின் சமாதிக் கோயில் இருக்கிறது. கடுமையான மனநோய் உள்ள 31 பேர் அங்கே வந்து சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மருந்து கிடையாது, பேயோட்டல் கிடையாது. காலையில் பூஜை, பிறகு தோட்ட வேலை, கூட்டிப் பெருக்குதல். கூடவே வீட்டார் ஒருவர். நோயின் தீவிரம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. இதை வைத்து மருந்தை நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் ஏர்வாடிக் கொட்டகைக்கும் இந்தக் கோயிலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். சாமி இரண்டு இடத்திலும் உண்டு. இங்கே சொந்தக்காரர் பக்கத்தில் இருந்தார், அங்கே சங்கிலி இருந்தது.

இதைப் படிக்கும்போது எனக்குப் பொன்முடி ஞாபகம் வந்தது. நான் திருவனந்தபுரத்தில் கிளையில் வேலை பார்த்தபோது நாகர்கோவிலில் இருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போயிருந்தேன். கல்லாற்றைத் தாண்டினால் 22 கொண்டைஊசி வளைவுகள். அம்மா ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தாள். மேலே ஆயிரம் மீட்டருக்குமேல் உயரம், மூடுபனி, தேயிலை. அதே மலைத்தொடரில் தெற்கே அகத்தியர்கூடம். நம்ம அகத்தியரின் மலை. சித்த வைத்தியத்துக்கும் தமிழுக்கும் குரு என்று யாரைச் சொல்கிறோமோ அவருடைய இடம்.

அந்தக் காடுகளில் காணிக்காரர்கள் வாழ்கிறார்கள். 1987-இல் அவர்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அதில் இருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. ஆனால் காணிகளின் வைத்தியத்தில் பச்சிலை ஒரு பாதிதான். பிலாத்தி என்பவர் அவர்களுடைய வைத்தியர், பூசாரியும் அவரே. ஒருவருக்கு உடம்போ மனதோ சரியில்லை என்றால், கொக்கரை என்ற இரும்பு வாத்தியத்தை உரசிக்கொண்டு ராத்திரியில் சாற்றுப்பாட்டுப் பாடுவார். குடியில் உள்ளவர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நோயாளி தனி ஆள் இல்லை. பச்சிலையை மாத்திரையாக அடைக்க முடிந்தது. சுற்றி உட்கார்ந்திருப்பதை எந்தப் புட்டியில் அடைப்பது?

இதையேதான் பெரிய துயரத்துக்கு நடுவில் செய்து பார்த்தவர் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். போர்க்காலத்தில் அங்கே டாக்டர்களும் இல்லை, மருந்தும் தட்டுப்பாடு. அவர் ஆசிரியர்களுக்கும் ஊர்த் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். பதற்றத்தைக் குறைக்க மேற்கத்தியத் தளர்வுப் பயிற்சிகளுக்குப் பதிலாகச் சைவருக்கு 'ஓம் நமசிவாய', கத்தோலிக்கருக்கு ஜெபமாலை என்று அவரவருக்குப் பழக்கமானதைப் பயன்படுத்தினார். காயம் தனி மனிதரின் தலைக்குள் மட்டும் இல்லை, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்தே பட்டிருக்கிறது, அதனால் ஊரோடு சேர்த்துத்தான் ஆற்ற வேண்டும் என்று திரும்பத் திரும்ப எழுதினார். புதிய அறிவியலை விட்டுவிடவும் இல்லை, பழையதைக் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடவும் இல்லை.

மேற்கும் சும்மா இல்லை. ஃபின்லாந்தின் வடக்கே டோர்னியோ என்ற ஊரில் 1980-களில் இருந்து ஒரு முறை வளர்ந்தது. கடுமையான மனநோய் என்று தகவல் வந்தால், முதல் சந்திப்பிலேயே நோயாளி, குடும்பம், வைத்தியர்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவார்கள். நோயாளி முதுகுக்குப் பின்னால் எந்த முடிவும் எடுப்பதில்லை. 'திறந்த உரையாடல்' என்று பெயர். அமிர்தசரஸ் கூடாரத்துக்கு ரொம்பத் தூரமில்லை.

சரி, எட்டு முறை உட்கார்ந்த கதை. 2021 மே மாதம் அம்மா கோவிட்டில் போனாள். அந்த மாதம் இந்தியாவில் இருந்து ஆஸ்திரேலியக் குடிமக்கள்கூடத் திரும்பி வர முடியாதபடி இந்த நாடு கொஞ்ச நாள் கதவை மூடியிருந்தது, வெளியே போகவும் அனுமதி வாங்க வேண்டும். தம்பி கொள்ளி வைத்தான். நான் வாட்ஸாப்பில் பார்த்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு லோன் ஃபைல் பார்த்தேன். ஆறு மாதம் கழித்து, ஒரு வாடிக்கையாளரின் அம்மா கையெழுத்துப் போட வந்தபோது எனக்குக் கை நடுங்க ஆரம்பித்து நிற்கவில்லை. அப்புறம்தான் போனேன்.

அந்தக் கவுன்சலர் கிரேக்கக் குடும்பத்துப் பெண்மணி. முதல் இரண்டு முறை எனக்கும் நண்பர் மனைவிக்கு வந்த அதே எரிச்சல்தான். மூன்றாவது தடவை நானே சொல்லிவிட்டேன், "எங்கள் ஊரில் பெரியவர்களிடம் போனால் அவர்கள் ஏதாவது சொல்வார்கள். நீங்கள் ஒன்றுமே சொல்வதில்லை." அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்கள் ஊரில் இருந்திருந்தால் அந்த நாட்களில் என்னென்ன நடந்திருக்கும்?" என்று கேட்டார்.

சொன்னேன். வீடு நிறைய ஆள். பக்கத்து வீட்டில் இருந்து காப்பி. அத்தைமார் கட்டிப்பிடித்து அழுவார்கள். பதினாறாம் நாள் வரை யாரும் தனியே விடமாட்டார்கள். சொல்லச் சொல்லத்தான் இதில் ஒன்றுகூட எனக்கு நடக்கவில்லை என்று உறைத்தது. அவர் தன் பாட்டி இறந்தபோது நாற்பதாம் நாள் கோதுமை அவித்து எல்லோருக்கும் கொடுத்ததைச் சொன்னார். பழைய விதிப்படி வைத்தியர் தன் கதையைச் சொல்லக் கூடாது. அவர் சொன்ன அந்த நிமிஷத்தில்தான் நான் அழுதேன். பொன்முடியில் அம்மா வளைவு எண்ணியதை அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன்.

ஆறாவது தடவை மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிவரச் சொன்னார், தம்பியை போனில் சேர்த்தார். தம்பி, "நீ வரலன்னு எனக்குக் கோவம் இல்லண்ணே, தனியா செய்யுறப்ப பயமா இருந்துச்சு" என்றான். ஆறு மாதத்தில் நாங்கள் பேசாத பேச்சு அது. முதல் திவசத்துக்கு இங்கே இருபது பேரைக் கூப்பிட்டு, அம்மா வைக்கிற மாதிரி தீயலும் அவியலும் வைத்தோம். கை நடுக்கம் அதற்குள் நின்றிருந்தது.

எனக்கு எது உதவியது, பழையதா புதியதா? பிரித்துச் சொல்ல முடியவில்லை. எதையும் தீர்ப்பு சொல்லாமல் கேட்பது அவர் படித்த புதிய படிப்பு. அத்தைமாரிடம் அது கிடைத்திருக்காது, "மூத்தவன் வரலியே" என்று ஒருத்தியாவது சொல்லியிருப்பாள். கூடியிருந்து அழுவதும் சமைப்பதும் நம் பழைய வழி. அந்த அறைக்குள் மட்டும் உட்கார்ந்திருந்தால் அது கிடைத்திருக்காது.

ஊரில் இருப்பவர்களைவிட வெளிநாட்டில் இருக்கும் நமக்கு இது முக்கியம். அங்கே மருந்து மட்டும் கிடைத்தாலும் சுற்றி உட்கார ஆள் உண்டு. நமக்கு இங்கே கவுன்சலர் கிடைக்கிறார், சுற்றி உட்கார ஆள் இல்லை. நாமாகக் கூட்டிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

அதனால் நண்பருக்கும், வீட்டில் சொல்லாமல் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் மூன்று விஷயம். ஒன்று, இரண்டு தடவையில் விட்டுவிடாதீர்கள். பிடிக்கவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள், நல்ல கவுன்சலருக்கு அந்தப் பேச்சே சிகிச்சையின் ஒரு பகுதி. சரிப்படவில்லை என்றால் வேறொருவரைப் பாருங்கள். இரண்டு, "என் கணவரை, அம்மாவை ஒருநாள் கூட்டிவரலாமா?" என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. வீட்டாரிடம் மறைக்க வேண்டியது இருந்தால் தனியாகவே போங்கள், அது உங்கள் உரிமை. மூன்று, டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால் யார் பேச்சையும் கேட்டு நிறுத்தாதீர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் சோர்வு நிஜமான நோய், குணமாகிற நோய்.

நண்பர் மனைவிக்கு இன்னொரு கவுன்சலரிடம் நேரம் வாங்கியிருக்கிறார்கள். இந்த முறை நண்பரும் கூடப் போகிறார். குழந்தையை என் மனைவி பார்த்துக்கொள்கிறாள்.

பி.கு.: 1938-இல் நாஜிகளிடம் இருந்து தப்பி லண்டன் போன ஃப்ராய்டோடு அந்த விஷ்ணுவும் போனார். மேர்ஸ்ஃபீல்ட் கார்டன்ஸ் 20-ஆம் எண் வீடு இப்போது அருங்காட்சியகம். லண்டன்வாசிகள் யாராவது போனால் மேஜையைப் பாருங்கள், நம்மூர் அனந்தன் அங்கேதான் இருக்கிறார்.